எட்டாவது இழை

நாச்சிமுத்துவின் பல்லைப் பிடுங்கிய பிறகும் எனக்குப் பல்வலி நிற்கவில்லை.

டாக்டர் ரபீக் அந்தக் கடைவாய்ப் பல்லை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொத்தை இல்லை, கறை இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. பற்பசை விளம்பரத்துக்குக் கொடுக்கலாம், அப்படிப்பட்ட பல். அதன் சொந்தக்காரன் ஆறரை அடி உடம்பை நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டு, வாயில் பஞ்சோடு என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"இப்ப எப்படி இருக்குதுங்க?" என்றார் டாக்டர். கேட்டது அவனை அல்ல, என்னை.

"குறையவே இல்லீங்க. முன்னைக்கு இப்ப ஜாஸ்தி" என்றேன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"நான்தான் மொதல்லயே சொன்னனுங்களே அக்கா" என்றது பஞ்சுக்குள்ளிருந்து ஒரு குரல். "எனக்குப் பல்லு வலிக்கலீங்கன்னு."

"நீ பேசாத. தையல் பிரிஞ்சுரும்."

எங்கள் படையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் செவ்வாயின் தென்கரைப் படை. எப்போதோ வற்றிப்போன ஒரு பெரிய ஆற்றுப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வடகரைக்காரர்கள். எங்கள் பாட்டன்மார் கொங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள், அவர்கள் பாட்டன்மார் நெல்லைச் சீமைக்காரர்கள். இரண்டு பேரும் தண்ணீருக்காக ஒருகாலத்தில் நன்றாகவே வெட்டிக்கொண்டு செத்தோம். அந்தச் சண்டையில் கட்டளை போட்டவர்கள் எல்லோரும் நகரத்தில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தார்கள். செத்தவர்கள் பள்ளத்தில் கிடந்தார்கள்.

பிறகு ஒரு சமாதான ஒப்பந்தம் போட்டார்கள். அதில் சண்டையே கூடாது என்று எழுதவில்லை, துப்பாக்கியைத் தூக்கிப் போடச் சொல்லவும் இல்லை. கட்டளை யாருடையதோ, காயமும் அவருடையதாக இருக்கட்டும் என்று மட்டும் எழுதினார்கள்.

அன்றிலிருந்து இரு கரையிலும் ஒரே ஏற்பாடு. பத்துப் படைவீரர்களுக்கு ஒரு பதின்மர். பத்துப் பதின்மர்களுக்கு ஒரு நூற்றுவர். பத்து நூற்றுவர்களுக்கு ஒரு ஆயிரவர். தோளில் நட்சத்திரம், கோடு எதுவும் கிடையாது. வீரர்கள் கையில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். அவர்களுக்கு வலித்தால் அது தலைவரின் கழுத்துப்பட்டைக்கு வந்து, தலைவருக்கும் அதே இடத்தில் அப்படியே வலிக்கும். என் கழுத்தில் பத்து இழைகள், ஆளுக்கு ஒன்று. யாருக்கு வலிக்கிறதோ அந்த இழை சுடும். பல்வலி, சுளுக்கு, தீக்காயம் எல்லாம் பதின்மரோடு நின்றுவிடும். எலும்பு முறிகிற அளவு வலி என்றால் நூற்றுவர் வரைக்கும் போகும். உயிர் போகிற வலி ஆயிரவர் வரைக்கும் போகும். எங்கள் பதவி வரிசை என்பது இவ்வளவுதான்.

இதனால் நடந்தது என்ன தெரியுமா? தளபதிகள் எல்லோரும் மாமியார்களாக மாறிவிட்டோம். 'சாக்ஸ் போட்டியா, பல் விளக்கினாயா, சுடுசோற்றை அப்படியே வாயில் போடாதே' என்று நாள் முழுக்க ஒரே பிடுங்கல். எங்கள் நூற்றுவர் ராக்கியப்பன், யாராவது விழுந்து காலை முறித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் முகாமின் எல்லாப் படிக்கட்டுக்கும் கைப்பிடி போட்டுவிட்டார். எனக்குப் பதின்மர் பதவி உயர்வு வந்தபோது என் வீட்டுக்காரர் இனிப்பு வாங்கவில்லை, அழுதார்.

ஆனால் எல்லாம் சிரிப்பு இல்லை. எங்கள் பழைய ஆயிரவர் ஒரே நாளில் நான்கு சாவுகளை வாங்கினார், சுரங்கம் இடிந்து. ஓய்வு பெற்று இப்போது கண்ணாடிக் குடிலில் தக்காளி வளர்க்கிறார். யாரிடமும் பேச மாட்டார். எனக்கும் ஒன்று நடந்திருக்கிறது. ராமாத்தாள் என்ற என் பெண் ஒருத்தி பாறைப் பிளவில் விழுந்தாள். என் மூன்றாவது இழை நெருப்பாகச் சுட்டது, பிறகு சட்டென்று குளிர்ந்துவிட்டது. வலி வருவதைத் தாங்கிவிடலாம். அது நிற்பது இருக்கிறதே, அதைத்தான் என்னால் இன்றுவரைக்கும் தாங்க முடியவில்லை.

இந்தப் படையில் பெரிய குற்றம் ஒன்றே ஒன்று, வலி மறைத்தல். தலைவருக்கு வலிக்கும்போது வீரன் 'எனக்கு ஒன்றுமில்லை' என்றால் அவனை நம்பி எதுவும் செய்ய முடியாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாச்சிமுத்து மாதக்கணக்காக அதைத்தான் செய்துகொண்டிருந்தான். எட்டாவது இழை அவனுடையது. அதில் முதுகுவலி வரும், அவன் 'இல்லீங்க அக்கா' என்பான். நான் விடாமல் அவனைக் குப்புறப் படுக்கப்போட்டுத் தைலம் தேய்க்கச் சொல்வேன். அவனும் மறுக்காமல் சுகமாகப் படுத்துக்கொள்வான். கடைசியில் விஷயம் மேலே போய், அவன்மேல் விசாரணை வைத்துவிட்டார்கள். என் பத்துப் பேரில் அவன்தான் தங்கமான பிள்ளை. எனக்கு மனசே ஆறவில்லை.

பல்லை அவசரமாகப் பிடுங்கியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அன்று காலைதான் புதிய ஆயிரவர் தென்னரசுவிடமிருந்து உத்தரவு வந்திருந்தது. ஆற்றுப் பள்ளத்தின் நடுத்திட்டில் ஒரு பனிக் கிணறும் பம்ப் அறையும் இருக்கின்றன. வடகரைக்காரர்கள் பத்துப் பேர் அங்கே காவல். புழுதிப் புயல் எழுந்ததும், அதன் மறைவில் என் பத்துப் பேர் போய் அதைப் பிடிக்க வேண்டும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எப்படிப் போர் நடத்துவது?

டாக்டர் ரபீக் பல்லைத் தட்டில் போட்டுவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"செங்கமலம்மா, இந்த எட்டாவது இழையில இதுவரைக்கும் என்னென்ன வந்துதுங்க? ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க."

"மொதல்ல முதுகு. இடுப்புக்குக் கொஞ்சம் மேல. பொறவு நெஞ்செரிச்சல். விடியக்காலம் கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும். இப்பப் பல்லு, ஈறெல்லாம் வீங்கின மாதிரி. அப்புறம்..."

"அப்புறம்?"

"சொன்னாச் சிரிப்பீங்க. விலாவுக்குக் கீழ, உள்ளுக்குள்ள இருந்து யாரோ உதைக்கிற மாதிரி இருக்குது."

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ரெண்டு."

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கணுமே" என்றவர் நாற்காலிப் பக்கம் திரும்பினார். "நாச்சிமுத்து முழுகாம இருக்கானுங்க."

நாச்சிமுத்துவின் வாயிலிருந்து பஞ்சு கீழே விழுந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு பெற்றவள் நான். ஆனால் சின்னவனைச் சுமந்து வருஷக்கணக்காகிவிட்டது. மேலும், நாச்சிமுத்துவின் மீசையைப் பார்த்துக்கொண்டே அந்தத் திசையில் யோசிக்க யாருக்குத் தோன்றும்?

டாக்டர் ஓர் ஊசியை எடுத்துச் சொல்லாமல் கொள்ளாமல் அவன் தொடையில் குத்தினார். "அய்யோ!" என்று கத்தினான். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"பார்த்தீங்களா? அவன் வலி உங்களுக்கு வரலை. வேற யாருக்கோ போகுது. அவன் கையில இருக்கிறது அவன் பட்டையே இல்ல. பட்டை மாறுனது எங்கே?"

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. கபடி!

வருஷத்துக்கு ஒருநாள் சமாதான நாள். அன்று நடுத்திட்டில் பெரிய காற்றுக் கூடாரம் அடித்து, இரு கரைக்காரர்களும் கபடி ஆடுவோம். ஆடும்போது பட்டைகளைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பதின்மர்களை எல்லாம் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். எங்களுடையது ஒரு பாயில், அவர்களுடையது பக்கத்துப் பாயில். போன ஆட்டத்தில் தங்கபுஷ்பம் என்ற வடகரைப் பெண் பாடிக்கொண்டே வந்து, நாச்சிமுத்துவின் தலைக்கு மேலே தாவிக் கோட்டைத் தாண்டிவிட்டாள். செவ்வாயில் உடம்பு எடை குறைவு, தாவலாம். ஆனாலும் அது அழகான தாவல். வடகரைக்காரர்கள் குதித்த குதியில் பாய்கள் இரண்டும் ஒன்றோடொன்று இழுபட்டன.

"என்ர பட்டைக்குப் பக்கத்துல அந்தப் புள்ளையோடதுதானுங்க கிடந்துது" என்றான் நாச்சிமுத்து. "நான் இருந்த அவமானத்துல குனிஞ்ச தலை நிமிராம எடுத்துக் கட்டிட்டனுங்க." பிறகு அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப நான் எதையும் மறைக்கலீங்களே அக்கா?"

"இல்லடா தங்கம்" என்றேன். அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். பிடுங்கின பல்லை என்னால் திருப்பி வைக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. தங்கபுஷ்பம் பம்ப் அறைக் காவலில் இருப்பவள். நான் துப்பாக்கியோடு போக வேண்டிய இடத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, தன் பல்வலியை எனக்கு அனுப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எங்கள் படையில் பிள்ளைத்தாய்ச்சிகளை ஏழாம் மாதமே பட்டையைக் கழற்றி ஊருக்கு அனுப்பிவிடுவோம். அவர்களும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் இந்த வருஷம் புழுதி முன்கூட்டியே தொடங்கிவிட்டது. வடகரையிலிருந்து திட்டுக்கு வரும் வண்டித்தடம் மூடிக்கிடந்தது. அவள் மாட்டிக்கொண்டாள்.

நூற்றுவர் ராக்கியப்பனிடம் ஓடினேன். அவர் மீசையைக் கடித்தபடி கேட்டுவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு ஆயிரவரிடம் போனார்.

ஆயிரவர் தென்னரசு இளைஞர். படிப்பாளி. பதவிக்கு வந்த பிறகு அவருக்கு ஒரு சாவுகூட வந்ததில்லை. கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தென்கரையில் குழந்தைகளுக்குக்கூடக் குடிக்கத் தண்ணீர் அளந்து கொடுக்கிறார்கள் என்பது அவரைத் தூங்கவிடவில்லை.

"நல்லதாப் போச்சு" என்றார். "நாச்சிமுத்துவை முகாம்லயே விட்டுட்டுப் போங்க. அவன் முட்டி தேஞ்சா அவங்களுக்குத் தெரிஞ்சுரும். அந்த எட்டாவது இழையை அறுத்துடுங்க."

"அறுத்துட்டா, அந்தப் பொண்ணு செத்தா நம்மள்ல யாருக்குமே தெரியாதுங்களே" என்றேன்.

"அதுக்குத்தானே அறுக்கச் சொல்றேன், பதின்மர்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எங்கள் ஒப்பந்தம் முழுக்க ஒருவருக்கும் தெரியாமல் ஒருவரும் சாகக்கூடாது என்பதற்காகத்தானே வந்தது? "பேசிப் பார்க்கலாமுங்க" என்று ராக்கியப்பன் மெதுவாக இழுத்தார். ரேடியோ புழுதியில் செத்துக் கிடந்தது. பேசுவதற்கு வழியும் இல்லை, ஆயிரவருக்குப் பொறுமையும் இல்லை.

மாலையில் டாக்டர் ரபீக் கத்திரியோடு வந்தார். "உத்தரவுங்க. அறுக்கட்டுங்களா?"

"பல்லுவலி கொஞ்சம் அடங்கட்டும், பொறவு பார்த்துக்கலாம்" என்றேன். நான் சொன்னதில் ஒரு அர்த்தமும் இல்லை. இழையை அறுத்தால் பல்வலி தானாகவே போய்விடும்.

டாக்டர் என்னைப் பார்த்தார். கத்திரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இந்தக் கத்திரியை எங்கயோ வெச்சுட்டனுங்க. தேடிப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளைச் சுடப் போகிறேனா, இல்லையா? எனக்கே தெரியவில்லை. இழையை மட்டும் அறுக்கவில்லை.

மறுநாள் முற்பகலில் புயல் எழுந்தது. வானம் செங்கல் நிறமாகி, நீட்டிய கை தெரியவில்லை. ஒன்பது பேரோடு திட்டுக்கு ஊர்ந்து போனேன். ரேடியோ வேலை செய்யாததால் முகாமிலிருந்து தொலைபேசிக் கம்பியை இழுத்துக்கொண்டே போனோம். பம்ப் அறையின் விளக்கு மங்கலாகத் தெரியும் தூரத்தில், ஒரு பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருந்தோம்.

"தயாரா?" என்றார் கம்பியில் ஆயிரவர்.

"தயாருங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது இடுப்பில் ஒரு பிடி பிடித்தது. முதுகிலிருந்து கிளம்பி, சுற்றி வந்து, அடிவயிற்றில் முறுக்கிவிட்டுப் போனது. அந்த வலியை அடையாளம் தெரியாமல் போக நான் நாச்சிமுத்து அல்ல.

அடுத்த முறை வந்தபோது கம்பியில் ராக்கியப்பனின் குரல் அலறியது. "அம்மிணி! யாருக்கு எலும்பு முறிஞ்சுது?"

"யாருக்கும் முறியலீங்க. பிரசவ வலி."

"அடக் கடவுளே" என்றார். பிறகு ஏதோ கவிழ்ந்து விழும் சத்தம்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் வலி பெருகியது. எங்கள் படை தோன்றிய காலத்திலிருந்து எந்த ஆயிரவருக்கும் வராத ஒன்று அன்றைக்கு ஆயிரவர் தென்னரசுவுக்கு வந்தது.

"என்னது... என்னது இது... நிறுத்துங்க! யாராச்சும் இதை நிறுத்துங்க!"

"இதை நிறுத்த முடியாதுங்க, ஆயிரவரே. மூச்சை இழுத்து மெதுவா விடுங்க. பல்லைக் கடிக்காதீங்க" என்றேன். எனக்கும் கண் இருட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது, பொய் சொல்வானேன்.

"எப்ப முடியும்?"

"சொல்ல முடியாதுங்க. என்ர மூத்தவனுக்கு ஒரு பகல் முழுக்க ஆச்சு."

பிறகு அடுத்த அலை. அது அடங்கியதும் உடைந்த குரலில் உத்தரவு வந்தது: "தாக்குதல் ரத்து. டாக்டர் ரபீக்கை அனுப்புங்க. உடனே!" யாருக்காகச் சொன்னார் என்று நான் ஆராயவில்லை.

டாக்டரின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நாச்சிமுத்து அவரைக் கூட்டிவந்தான். எல்லோரும் பம்ப் அறைக் கதவருகே போனோம். இப்போது வேறு சிக்கல். இந்தப் புழுதியில் எதிரிகள் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? உள்ளேயிருந்து சுடுவார்கள், நானாக இருந்தாலும் சுடுவேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. "நாச்சிமுத்து, பல்லுப் புடுங்கின எடம் இன்னும் வலிக்குதா?"

"தொட்டா உசிரு போகுதுங்க அக்கா."

"நாக்கை வெச்சு அழுத்து. மூணு தடவை. கொஞ்சம் நிறுத்து. மறுபடி மூணு தடவை. கதவைத் தட்டற மாதிரி."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். தலைக்கவசத்துக்குள் அவன் கண்ணில் நீர் வழிந்தது. மூன்று. நிறுத்தம். மூன்று.

கதவு திறந்தது.

துப்பாக்கியோடு நின்றவள் வடகரைப் பதின்மர் எஸ்தர். என் வயதுதான் இருக்கும். எங்கள் கையில் மருந்துப் பெட்டியைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தாழ்த்தினாள். ஆனால் அவள் கேட்ட முதல் கேள்வி அதைப் பற்றி அல்ல.

"ஏக்கா, யாரு பல்லப் புடுங்குனிய? ராத்திரி பூரா நான் தூங்கல! எங்க ஆளுக பத்துப் பேரு வாயையும் தொறந்து பாத்துட்டேன், ஒருத்தருக்கும் பல்லு போகல!"

நாச்சிமுத்து பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினான்.

"நீருதானா? ஊசியால குத்துனதும் உம்மையத்தானா?" என்றவள், சட்டென்று குரல் இறங்கி, "சீக்கிரம் உள்ள வாங்க. அவளுக்கு முடியல. பிள்ள குறுக்க கெடக்குன்னு நெனைக்கேன். எனக்கு ஒண்ணும் தெரியமாட்டேங்கு, அவ வலி எனக்கு வரவே இல்ல" என்றாள். தன் ஆள் துடிக்கும்போது தனக்கு வலிக்காமல் இருப்பது ஒரு பதின்மருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பம்ப்புக்குப் பின்னால் போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். டாக்டர் உள்ளே போனார், எஸ்தரும் போனாள். நான் இந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வலிக்கிற இடத்தையெல்லாம் கத்திச் சொன்னேன். "டாக்டர், இடப்பக்கம் இழுக்குதுங்க! இப்பக் கீழே! இப்ப முதுகுல!" தங்கபுஷ்பத்துக்குப் பேச மூச்சில்லை. அவளுக்காக நான் பேசினேன். டாக்டர் அதைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளையைத் திருப்பினார். எங்கள் பத்துப் பேரும் அவர்கள் ஒன்பது பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் சேர்ந்து வெந்நீர் வைத்தார்கள். ஒரு பட்டாளத்துக்கே போதுமான வெந்நீர்.

பிறகு உயிர் இரண்டாகப் பிளப்பதுபோல ஒரு வலி வந்தது. அதன் உச்சியில், எட்டாவது இழை சட்டென்று குளிர்ந்தது.

எனக்கு ராமாத்தாள் ஞாபகம் வந்தது. இப்படித்தான் குளிர்ந்தது. இதே மாதிரிதான். எழுந்து திரையை விலக்கிப் பார்க்கலாம், நாலடி தூரம்தான், என் கால் எழவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கம்பியில் ஆயிரவரின் குரல் கேட்டது. அதிகாரம் எல்லாம் போய், ஒரு பையனின் குரல்போல இருந்தது.

"அம்மிணி... வலி நின்னுருச்சு."

"ஆமாங்க."

"நின்னுருச்சுன்னா... அது எந்த நிக்கறதுங்க?"

தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார், மூச்சு கேட்டது.

அப்போது குழந்தை வீறிட்டது. அறை முழுக்கப் பெரியவர்கள் மூச்சை விட்டார்கள். ஆனால் தாய்? நான் இன்னும் காத்திருந்தேன். கொஞ்சம் கழித்துத் திரைக்குள்ளிருந்து ஒரு களைத்த குரல் வந்தது.

"எஸ்தரக்கா, எனக்குப் பசிக்கி."

"நல்ல நிக்கறதுதானுங்க!" என்று தொலைபேசியில் கத்தினேன். நான் அழுதுகொண்டிருந்தேன். "பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

கம்பியில் ஆயிரவர் தென்னரசு வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, "குழந்தை எடை எவ்வளவு?" என்று கேட்டார். பம்ப் அறையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

புழுதி அடங்கியதும் அவரே துப்பாக்கி இல்லாமல் திட்டுக்குப் போனார், கையில் ஒரு குட்டிக் கம்பளிச் சட்டையோடு. வடகரை ஆயிரவருக்கு நடந்தது எதுவுமே தெரியாது. வலியெல்லாம் இந்தப் பக்கம் அல்லவா வந்தது! தங்கள் வீரரின் பிரசவத்தை எதிரி ஆயிரவர் வாயால் கேட்க வேண்டியிருந்ததில் அவருக்கு மகா கூச்சம். அந்தக் கூச்சத்திலேயே பேச்சு நடந்தது. இப்போது கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் எடுக்கிறோம், ஒருநாள் அவர்கள், ஒருநாள் நாங்கள். தென்னரசு பல வாரங்கள் பார்க்கிறவர்களிடமெல்லாம் "பிரசவம்னா சும்மா இல்லீங்க" என்று ஆரம்பித்துவிடுவார். பெற்ற பெண்கள் எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டோம்.

நாச்சிமுத்துமேல் இருந்த விசாரணை கைவிடப்பட்டது. பட்டைகளை அடுத்த கபடியின்போது மாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார்.

கபடியும் வந்தது. தங்கபுஷ்பம் இடுப்பில் பிள்ளையோடு வந்து, அதை நாச்சிமுத்துவின் மடியில் போட்டுவிட்டு ஆடப் போனாள். தென்னரசுதான் நடுவர். பழைய ஆயிரவர்கூட வந்திருந்தார், ஒரு கூடைத் தக்காளியோடு. இந்த முறை கூடாரத்தில் ஒரே ஒரு பாய்தான் விரித்திருந்தது. யார் விரித்தது என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. தென்கரைக்காரர்கள் பட்டையைக் கழற்றி அதில் போட்டார்கள், வடகரைக்காரர்களும் அதிலேயே போட்டார்கள். பழைய ஆயிரவர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, பொரி கலக்குவதுபோல அந்தக் குவியலை இரண்டு கையாலும் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வந்து ஆளுக்கொன்றை எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். யாரும் பார்த்து எடுக்கவில்லை. தென்னரசு விசிலை வாயில் வைத்தபடி கூடாரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை என் நான்காவது இழை சுட்டது. முழங்கால். என் பத்துப் பேரில் யாரையும் நான் கூப்பிடவில்லை. ரேடியோவை எடுத்து வடகரையை அழைத்தேன்.

"எஸ்தர், உங்க பக்கம் யாரோ முட்டியை நல்லா இடிச்சுக்கிட்டாங்க. மருந்து போடச் சொல்லுங்க."

"பாக்கேன்க்கா" என்றாள் எஸ்தர். "நீங்க மொதல்ல உங்க ஆளுகளக் காரத்தக் கொறச்சுத் திங்கச் சொல்லுங்க. எனக்கு வயிறு எரியுது."